முத்துவடிவு தர மறுத்த ரத்தம்

முத்துவடிவக்காவை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவன் அவள் புகழ் பாட வந்தவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் ரத்த வங்கி. அங்கே இருபத்தேழு வருஷமாக அவள் டெக்னீஷியன். வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் கீழப்பாவூர். சைவப் பிள்ளைமார் குடும்பம், வீட்டுக்குள் முட்டை வந்த சரித்திரம் கிடையாது. அந்த வீட்டுப் பெண் நாளெல்லாம் ரத்தத்தில் கை வைத்து நிற்கிறாள் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேலை ஆகாது என்றதாம். இவள் மாப்பிள்ளையைப் பார்த்து, “போன வருசம் உங்க அம்மைக்கு ஆபரேசன் நடந்தப்போ மூணு பை ரத்தம் யாரு எடுத்துக் குடுத்தான்னு கேட்டுட்டு வாங்க” என்றாளாம். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

இப்போது மேலகரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் வேலை சொல்லிக் கொடுத்த நாலு பேர் அவளுக்கு மேலே போய்விட்டார்கள். அவள் அதே நாற்காலியில் இருக்கிறாள். காரணம் வாய்.

நான் பேச்சிமுத்து. ஆம்னி வண்டியை ஆம்புலன்சாக்கி ஓட்டுகிறேன். குற்றாலம், இலஞ்சி, அச்சன்புதூர் பக்கத்துச் சின்னக் கிளினிக்குகளிலிருந்து தென்காசிக்கு ஆளையும் கொண்டு வருவேன், ரத்தம் எடுத்த ட்யூபையும் கொண்டு வருவேன். ஒரு நாள் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போன ட்யூபை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினாள்.

“இது என்ன, வெத்தல பாக்கா? மடியில முடிஞ்சு கொண்டாந்திருக்கீங்க.”

“மேடம், கிளினிக்குல குடுத்தாங்க, கொண்டாந்தேன். என்ன குத்தம்?”

“வெயில்ல குலுக்கி, ரத்தம் உடைஞ்சு போச்சு. மேல நிக்க தண்ணி வெள்ளரி விதை நிறத்துல இருக்கணும். இது மாதுளஞ்சாறு மாதிரி கெடக்கு. உள்ள இருக்க மெஷினு நிறத்தப் பாத்துத்தான் கணக்கு சொல்லும். ஏற்கெனவே செவந்தத அதுக்குக் குடுத்தா என்ன சொல்லும்? பொய் சொல்லும். மெஷினு பொய் சொன்னா டாக்டரு நம்புவாரு.”

வெளிநாட்டில் ரத்தத்துக்குப் பதிலாகச் சிவப்பாகவே ஒரு மருந்து செய்து பார்த்திருக்கிறார்களாம். அதை ஏற்றினவனிடம் எடுத்த ரத்தத்தில் பாதி டெஸ்ட் தாறுமாறாக வருமாம். அதையும் சொன்னாள். எனக்கு எதற்கு அந்தக் கதை? ட்யூபை வாங்கிக்கொண்டு திரும்ப இலஞ்சிக்குப் போக வேண்டியதாயிற்று. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

போன பங்குனியில் அச்சன்புதூரில், வைக்கோல் கட்டுகிற மெஷினில் என் மச்சினன் சுந்தரபாண்டியன் காலைக் கொடுத்தான். வைக்கோல் அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பால் குத்தி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எவன் நிறுத்துகிறான்? ஓடுகிற மெஷினைக் காலால் உதைப்பான். நூறு தடவை உதைத்தாலும் ஒன்றும் ஆகாது. நூற்றி ஒன்றாவது தடவை முழங்காலுக்குக் கீழே சதையும் எலும்பும் தனித்தனியாகத் தெரிந்தது. முப்பத்தாறு வயது. என் பெண்டாட்டி மாடத்திக்கு ஒரே தம்பி.

துண்டால் இறுக்கிக் கட்டி வண்டியில் போட்டேன். தென்காசி போகும்வரை தாங்க மாட்டான் என்று பட்டதால், இலஞ்சி தாண்டி வழக்கமாகப் போகிற கிளினிக்கில் நிறுத்தினேன். சாரல் காலத்தில் அருவிப் பாறையில் வழுக்கி விழுகிறவர்களை வைத்தே பிழைக்கிற கிளினிக் அது. டாக்டர் கட்டுப் போட்டார், ஊசி போட்டார், ஒரு பாட்டிலை மாட்டினார். அது தீர்ந்ததும் இன்னொன்றை மாட்டிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பேச்சிமுத்து, ரத்தத்துக்குப் பதிலா ஒன்னு ஏத்தியிருக்கேன். தென்காசி போற வரைக்கும் பிரஷர் தாங்கும். லெட்டர்ல அத எழுதல, பழைய சரக்கு. கேட்டா சலைன்னு சொல்லிரும். காலிப் பாட்டில எங்கேயாவது போட்டுரும்.”

தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? என் வண்டிக்குப் பாதி ஓட்டம் அந்தக் கிளினிக்கிலிருந்துதான். அது மட்டும் இல்லை. டாக்டர் நம்மைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியம் சொல்கிறார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. மடையன்.

மாடத்தி வண்டிக்குள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலகரம் வரும்போது அது தீர்ந்தது. சலைனை மாற்றி மாட்டினேன். காலிப் பாட்டில் இரண்டையும் கால்வாயில் வீசினேன். ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். வண்டியில் குப்பை கிடந்தால் ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி சண்டைக்கு வருவான். ஆகவே ஊருக்குள் நுழையுமுன் எல்லாவற்றையும் ஓடையில் தள்ளிவிட்டு, சுத்தமாகப் போய் நிற்போம்.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்து வங்கிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் இரண்டு பையாவது ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேஜையிலேயே போய்விடுவான் என்றார் டூட்டி டாக்டர். மாடத்தி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு முத்துவடிவக்கா சன்னலைத் திறந்தாள்.

“சுந்தரபாண்டியன் ஆளுங்க யாரு? இவருக்கு என்ன குரூப்பு?”

“ஓ பாசிட்டிவ். ரெண்டு வருசத்துக்கு முன்ன கேம்புல ரத்தம் குடுத்திருக்கான்” என்றாள் மாடத்தி.

“எனக்கு ஏபி மாதிரி காட்டுது. ஓ பையில நாலு பாத்துட்டேன். நாலும் ஒட்டுது.”

ஒட்டுவது என்றால் என்னவென்று எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. நோயாளி ரத்தத்தின் தெளிவுத் தண்ணியில் பை ரத்தம் ஒரு துளி கலந்து பார்ப்பார்கள். சீராகக் கலந்தால் ஏற்றலாம். கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டால் அந்தப் பை ஆகாது. மீறி ஏற்றினால் ஆள் காலி.

“வர்ற வழியில என்ன போட்டாங்க?” என்று கேட்டாள்.

“குளுக்கோசு” என்றாள் மாடத்தி. அவளுக்கு எந்தப் பாட்டிலும் குளுக்கோஸ்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நீங்கதானே கொண்டாந்தீங்க? சலைனத் தவிர வேற ஏதாவது போட்டாங்களா?”

“சலைனுதான்” என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. அவள்மேல் இருந்த பழைய எரிச்சலும் அதில் கொஞ்சம் இருந்தது. இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு குத்தம் வேண்டும் என்று நினைத்தேன்.

கிளினிக்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் பால் குடிக்கிற குரலில், “சலைன் மட்டும்தாம்மா, வேற என்ன போடப் போறேன்?” என்றார். படித்த மனுஷன். ஒரு உயிர் கிடக்கிறது என்று தெரியும். ஒரு திணறல்கூட இல்லை.

அதற்குள் முத்துச்செல்வம் வந்துவிட்டான். மாடத்திக்குப் பெரியப்பா மகன், போலீஸ் ஏட்டு. வந்ததும் சன்னல் பலகையை ஓங்கி அடித்தான்.

“நாலு பை கையில வச்சுக்கிட்டு என்னம்மா ஆராய்ச்சி பண்ணுதிய? ஒன்னத் தூக்கிக் குடுங்க!”

“ஒட்டுத பைய ஏத்தி அவரு செத்தா நீங்க வந்து எழுப்புவியளா?”

“ஒம்ம மேல கேஸ் போடுவேன்.”

“போடும். மொதல்ல கைய எடும், கண்ணாடி ஒடஞ்சிரும்.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. எவனோ ஒருவன் வாட்ஸ்அப்பில் ‘மிக அபூர்வ ரத்த வகை, அவசரம்’ என்று தட்டிவிட்டான். அரை மணியில் செங்கோட்டையிலிருந்து, ரத்ததானத்துக்கு ஆள் திரட்டுகிற பரீது பாய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றார்கள். எந்தக் குரூப் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நல்ல மனுஷர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

எல்லாருக்கும் பொருந்துகிற ஓ நெகட்டிவ் இருக்கிறதா என்று டூட்டி டாக்டர் கேட்டனுப்பினார். முந்தின நாள் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டது, ஒன்றுகூட இல்லை. திருநெல்வேலிக்கு சாம்பிள் அனுப்பிப் பார்ப்போம் என்றார். போய் வர எத்தனை மணி நேரம்? மாடத்தி வார்டிலிருந்து ஓடி வந்தாள். “எழுவதுங்காங்க, பிரஷரு எழுவதுங்காங்க” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டிலுக்கும் ஒட்டுவதற்கும் என்ன சம்பந்தம் இருக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். மேஜை ஓரத்தில் ஒரு பழைய மைக்ராஸ்கோப். ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்த பிறகும் அதைத் தூக்கிப்போட விடாமல் வைத்திருக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

“இங்கன வந்து பாருங்க. மெஷினு எல்லாம் ஒட்டுதுன்னு மட்டும்தான் சொல்லுது. கண்ணால பாத்தா வேற கத. நெசமா ஒட்டுனா திராட்சக் கொல மாதிரி குமிஞ்சு கெடக்கும். இது எப்பிடி இருக்கு?”

கண்ணை வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று.

“அப்பளக் கட்டு மாதிரி இருக்கு” என்றேன்.

“அதான். அடுக்கி நிக்கி. ரத்தத்துல ஏதோ ஒரு பிசின் கெடந்தாத்தான் இப்பிடி அடுக்கும். புரோட்டீன் பாக்க மருந்த ஊத்துனேன், மோரு மாதிரி கலங்கிருச்சு. ஒன்னு இவருக்கு எலும்புக்குள்ள பெரிய வியாதி இருக்கணும். முப்பத்தாறு வயசுல, நேத்து வரைக்கும் வைக்கோல் கட்டுன ஆளுக்கு அது எங்கிருந்து வந்துச்சு? இல்லன்னா யாரோ எதையோ ஏத்தியிருக்கணும்.”

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“உங்க மச்சினன்தானே?” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

சொல்லிவிட்டேன். ரத்தத்துக்குப் பதிலாக ஏதோ இரண்டு பாட்டில். பழைய சரக்கு. எழுதவில்லை. சலைன் என்று சொல்லச் சொன்னார். பாட்டிலைக் கால்வாயில் வீசினேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. அதுவரை நீங்க, வாங்க என்று பேசின பொம்பளை.

“அம்பது நிமிசம்லே! அம்பது நிமிசமா அந்த வாசல்ல நின்னு நான் ஏச்சு வாங்குறத வேடிக்க பாத்தியா? மூதி! ஒன் பெண்டாட்டி அங்கன சுவத்துல முட்டுதா, நீ எவனோ ஒரு டாக்டருக்குக் காவல் நிக்க! ஆளக் கொன்னுட்டு ஒப்பாரிக்கு வண்டி ஓட்டலாம்னு நெனச்சியா?”

அவள் கதவைக் காட்டினாள்.

“போ. அந்தப் பாட்டில எடுத்துட்டு வா. நான் இப்பவே ரத்தத்தக் கழுவ ஆரம்பிக்கேன். ஆனா மெஷினு ஆகாதுன்னு சொன்ன பைய, ஒரு டிரைவர் சொன்னாம்னு டூட்டி டாக்டர் ஏத்த மாட்டாரு. அவருக்கு லேபிள் வேணும். ஓடு.”

மேலகரம் கால்வாய்க்கு ஆறு நிமிஷத்தில் போனேன். பங்குனி வெயிலில் தண்ணி முழங்காலுக்குக் கீழே. இறங்கிப் பார்த்தால் பாட்டில். ஒன்றிரண்டு இல்லை. தூரமெல்லாம் பாட்டில். சலைன் பாட்டில், ட்யூப், ஊசி, கையுறை, ரத்தம் காய்ந்த பஞ்சு. ஆகாயத்தாமரைக்கு நடுவில் குட்டி போட்டுக் கிடக்கிறது. எல்லாம் எங்கள் கைவேலை. எங்கள் எல்லாருடைய வண்டியும் ஆஸ்பத்திரி வாசலில் பளபளவென்று நிற்பதன் ரகசியம் இதுதான். ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளைப் பார்த்துப் பார்த்து வீசினேன். கால் கட்டைவிரலில் ஊசி ஏறியது. அந்த நேரத்தில் அந்தக் கால்வாயில் நின்று நான் திட்டின திட்டை எழுத முடியாது. டாக்டரைத் திட்டினேன், செக்யூரிட்டியைத் திட்டினேன், மெஷினைக் காலால் உதைத்த மச்சினனைக்கூடத் திட்டினேன். என்னைத் திட்ட வார்த்தை மிச்சம் இல்லை.

கடைசியில் கிடைத்தது. லேபிளில் மாடத்தியின் ரத்த விரல் பதிந்திருந்தது. அதனால்தான் அடையாளம் தெரிந்தது. அதன் ஜோடி இரண்டடி தள்ளி மிதந்தது.

அக்கா லேபிளைத் துடைத்து வாசித்தாள். “டெக்ஸ்ட்ரான். பிசின் மருந்து. அதான பாத்தேன். தேதி முடிஞ்சு எட்டு மாசம்.” டூட்டி டாக்டரைக் கையோடு கூட்டி வந்து மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தாள். ட்யூபில் மேலே நின்ற பிசின் தண்ணியை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெறும் உப்புத் தண்ணி ஊற்றிக் கலக்கி, மறுபடி ஒரு துளி வைத்தாள்.

“பாருங்க சார். அடுக்கு கலைஞ்சு எல்லாம் தனித்தனியா மெதக்குது. நெசமா ஒட்டியிருந்தா இதுக்கெல்லாம் கலையாது. இவரு ஓ பாசிட்டிவ்தான். நாலு பையும் இவருக்கு ஆகும்.”

டாக்டர் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒன்றரைக்கு முதல் பை ஏறியது. சாயங்காலம் ஆபரேஷன் முடிந்தது. சுந்தரபாண்டியன் பிழைத்தான். காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

சீக்கிரம் ரத்தம் ஏறியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மெஷின்ல மாட்டின காலு, சொல்ல முடியாது” என்றார். சொல்ல முடியாது என்றால் என்ன அர்த்தம்? முடிந்திருக்கும் என்றும் இல்லை, முடிந்திருக்காது என்றும் இல்லை.

ஐந்தாம் நாள் முத்துச்செல்வம் ஒரு தாளோடு வார்டுக்கு வந்தான். ஏட்டு எழுத்து, அழகாக இருந்தது. ரத்த வங்கி டெக்னீஷியன் முத்துவடிவு என்பவரின் அலட்சியத்தாலும் ஆணவத்தாலும் ரத்தம் தர ஒன்றரை மணி நேரம் தாமதமாகி, சுந்தரபாண்டியன் காலை இழக்க நேர்ந்தது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி மேனேஜரும், அந்தம்மாமேல் ஏற்கெனவே ஏகப்பட்ட புகார் இருக்கிறது, இதையும் கொடுத்தால் அனுப்பிவிடலாம் என்றாராம். அவள் வாய்க்குப் பழி வாங்க இத்தனை நாளாய் எத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

“மச்சான், நீருதான் முழு நேரமும் அந்தச் சன்னல்கிட்ட நின்னீரு. சாட்சிக் கையெழுத்து போடும்” என்று பேனாவை நீட்டினான்.

கட்டிலில் சுந்தரபாண்டியன் கண்ணை மூடிக் கிடந்தான். மாடத்தி அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வங்கிக்குள் நான் என்ன சொன்னேன் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. டூட்டி டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினாளே தவிர, நான் மறைத்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தன்மேல் புகார் எழுதுகிறார்கள் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

“கையெழுத்து போட மாட்டேன்” என்றேன். “அவ தாமதம் பண்ணல. நான் பண்ணுனேன்.”

முழுக்கச் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் தலையாட்டினது, சலைனுதான் என்றது, ஐம்பது நிமிஷம். எதையும் குறைக்கவில்லை.

முத்துச்செல்வம் என் சட்டைக் காலரைப் பிடித்தான். “ஏலே, என்னலே சொல்லுத?” மச்சான் போய் ஏலே வந்துவிட்டது. மாடத்தி எழுந்தாள். கையிலிருந்த ஆரஞ்சை அப்படியே என் முகத்தில் எறிந்தாள். “நான் ஒம்ம சட்டையப் புடிச்சு எழுவதுன்னு சொன்னேனே, அப்பக்கூடவா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இன்றுவரை என்னிடம் சோறு எடுத்து வைக்கிறேன் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

“அண்ணே, அவர விடு” என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. சுந்தரபாண்டியன் கண்ணைத் திறந்திருந்தான். எதுவரை கேட்டானோ தெரியாது. எல்லாமே கேட்டிருப்பான்.

“அந்தத் தாள எடு. அந்த அம்மா பேர அடி.”

முத்துச்செல்வம் அடித்தான்.

“அந்த எடத்துல அத்தான் பேர எழுது.”

முத்துச்செல்வம் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினான். தங்கச்சி புருஷன் பெயரை எழுத ஏட்டுக்கே கை வரவில்லை. நான் தாளை வாங்கி, நானே எழுதினேன். பேச்சிமுத்து, ஆம்புலன்ஸ் டிரைவர். அதற்கு மேலே அந்தக் கிளினிக்கின் பெயரையும் டாக்டர் பெயரையும், என்னுடையதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதி, மடிக்காமல், மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.